பிரதமர் பதவி என்னும் டிமாண்ட் லோன்

2022 அக்டோபர் 20. இரவுச் சாப்பாட்டு நேரம். லண்டனில் பத்தாம் நம்பர் வீட்டு வாசலில் நின்று லிஸ் டிரஸ் ராஜினாமா அறிவித்ததை டி.வி.யில் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"எலெக்‌ஷனே நடக்கலியேப்பா. இவங்க எப்படி வந்தாங்க? இப்ப எப்படிப் போறாங்க?"

"கட்சிக்காரங்களே கொண்டு வந்தாங்க, கட்சிக்காரங்களே அனுப்பிட்டாங்க."

"அப்ப எதிர்க்கட்சி என்ன பண்ணுது?"

"வேடிக்கை பார்க்குது."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பதில் திருப்தியாக இல்லை. நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். வரலாறு நம் துறை கிடையாது. ஆனால் அன்றிலிருந்து பிரிட்டிஷ் பிரதமர்கள் பதவி இழந்த கதைகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க இது எனக்குப் பழக்கமான விஷயம்தான் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேங்க்கில் டெர்ம் லோன் என்று ஒன்று உண்டு. ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம். தவணை ஒழுங்காகக் கட்டினால் நடுவில் யாரும் உங்களைக் கேட்க முடியாது. இன்னொன்று டிமாண்ட் லோன். பேங்க் எப்போது கேட்டாலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பிரிட்டனில் பொதுத்தேர்தலில் ஜெயித்த பிரதமரைப் பார்த்தால், ஏதோ ஐந்து வருட டெர்ம் லோன் சாங்ஷன் ஆனவர் போலத்தான் தெரியும். உண்மையில் அவர் கையில் இருப்பது டிமாண்ட் லோன். கடன் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், பாராளுமன்றத்தில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சொந்தக் கட்சி எம்.பி.க்கள். இன்னொருவர், அரசாங்கத்தின் கடன் பத்திரங்களை வாங்கும் சந்தை. இருவரில் யார் எப்போது கேட்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

நூறு வருடம் முன்னால் ஒரு மதிய நேரம்

முதல் கதை 1922. பிரதமர் லாயிட் ஜார்ஜ். முதல் உலகப் போரில் பிரிட்டனை வெற்றிக்கு நடத்திச் சென்றவர். அவர் லிபரல் கட்சிக்காரர். ஆனால் அவருடைய கூட்டணி அரசாங்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்த எம்.பி.க்களில் பெரும்பாலோர் கன்சர்வேடிவ் கட்சிக்காரர்கள். பணம் வாங்கிக்கொண்டு பட்டங்கள் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு ஒரு பக்கம், துருக்கியோடு தேவையில்லாமல் போருக்குப் போகப் பார்த்தார் என்ற கோபம் இன்னொரு பக்கம்.

1922 அக்டோபர் 19 அன்று கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் லண்டனில் கார்ல்ட்டன் கிளப்பில் கூடினார்கள். அவர்களுடைய தலைவர் ஆஸ்டின் சேம்பர்லின், கூட்டணி தொடர வேண்டும் என்றார். எம்.பி.க்கள் கேட்கவில்லை. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், கூட்டணி வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். அன்றே லாயிட் ஜார்ஜ் ராஜினாமா செய்தார். அதற்குப் பிறகு 1945-ல் சாகும்வரை அவர் ஒருநாள்கூட அமைச்சர் பதவியில் உட்காரவில்லை. பொதுமக்கள் யாரும் அன்று ஓட்டுப் போடவில்லை. ஒரு கிளப்பில் நடந்த மீட்டிங், அவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். கன்சர்வேடிவ் பின்வரிசை எம்.பி.க்களின் அமைப்புக்கு '1922 கமிட்டி' என்று பெயர். அது இந்த கார்ல்ட்டன் கிளப் கூட்டத்தில் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது தப்பு. 1922 கடைசியில் நடந்த பொதுத்தேர்தலில் முதன்முறையாக ஜெயித்து வந்தவர்கள் 1923 ஏப்ரலில் ஆரம்பித்த சங்கம் அது. புதுசாக வந்தவர்கள் பாராளுமன்ற வேலையைக் கற்றுக்கொள்வதற்காக வைத்துக்கொண்ட சங்கம், பின்னாளில் பிரதமர்களை வீட்டுக்கு அனுப்பும் சங்கமாகிவிட்டது.

இரண்டாவது கடன்காரர்

இரண்டாவது கதை 1931. இதில் வருபவர் பின்வரிசை எம்.பி. இல்லை, பேங்க்கர்.

லேபர் கட்சியின் முதல் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம், வேலையில்லாதவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. பட்ஜெட்டில் 12 கோடி பவுண்ட் பற்றாக்குறை வரும் என்று ஒரு கமிட்டி 1931 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. அதைப் படித்தவர்கள் பவுண்டை விற்றுத் தங்கமாக மாற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் கையிருப்பு கரைந்தது. நியூயார்க் பேங்க்கர்களிடம் கடன் கேட்டால், முதலில் செலவைக் குறையுங்கள் என்றார்கள். செலவு என்றால் எது? வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் உதவித்தொகை. அதில் 10 சதவீதம் வெட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 23 அன்று அமைச்சரவை கூடியது. 11 பேர் வெட்டலாம் என்றார்கள், 9 பேர் முடியாது என்றார்கள். ஏழைத் தொழிலாளிக்காக ஆரம்பித்த கட்சியில் 9 பேர் மறுத்தால் அது சின்ன எண்ணிக்கை இல்லை. மறுநாள் மெக்டொனால்ட் ராஜினாமா செய்தார். செய்துவிட்டு, எதிர்க்கட்சிகளோடு சேர்ந்து 'தேசிய அரசாங்கம்' என்று ஒன்றை அமைத்து மறுபடி பிரதமரானார். லேபர் கட்சி அவரை நீக்கியது. அக்டோபரில் நடந்த தேர்தலில் லேபருக்குக் கிடைத்தது வெறும் 52 இடம்.

இதில் வேதனையான வேடிக்கை என்னவென்றால், எந்தத் தங்க மதிப்பைக் காப்பாற்றுவதற்காகக் கட்சியையே உடைத்தார்களோ, அதைச் செப்டம்பர் 21 அன்று கைவிட்டுவிட்டார்கள். முடிவெடுத்தது லண்டனில், அதன் பலன் நம் ஊர் வரைக்கும் வந்தது. ரூபாயை பவுண்டோடு கட்டி வைத்திருந்தார்கள். பவுண்ட் விழுந்ததும் ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. ஏற்கெனவே விளைபொருளுக்கு விலையில்லாமல் கடனில் மூழ்கியிருந்த விவசாயக் குடும்பங்கள் தாலிக்கொடி முதற்கொண்டு விற்றன. அந்தத் தங்கம் பம்பாயிலிருந்து கப்பல் கப்பலாக வெளியேறியது. பிரிட்டிஷ் அமைச்சரவைக் கூட்டம் ஒன்று நம் பாட்டிகளின் நகைப்பெட்டி வரைக்கும் எட்டியது இப்படித்தான்.

நாலு ஓட்டுக் கணக்கு

மூன்றாவது கதை எல்லோருக்கும் தெரிந்த மார்கரெட் தாட்சர். 1979, 1983, 1987 என்று மூன்று பொதுத்தேர்தல்களை வரிசையாக ஜெயித்தவர். அவர் பிரதமராக இருந்தபோது எந்தத் தேர்தலிலும் மக்கள் அவரைத் தோற்கடிக்கவில்லை.

அவர் ஆட்சிக்கு வந்ததே ஒரு ஓட்டில் என்று சொல்லலாம். 1979 மார்ச் 28 அன்று லேபர் பிரதமர் ஜேம்ஸ் கலாகன் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். 311-க்கு 310, ஒரே ஓட்டில் அரசாங்கம் கவிழ்ந்தது. ஆல்ஃப்ரட் ப்ராட்டன் என்ற லேபர் எம்.பி. உடல்நிலை மிக மோசமாகப் படுத்திருந்தார். அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்திருந்தால் ஓட்டு சமமாகியிருக்கும். கொண்டுவரவில்லை. சில நாட்களில் அவர் இறந்துபோனார். இருபது வருடம் கழித்து, 1999 ஏப்ரல் 17 அன்று, அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டபின் வாஜ்பாய் அரசாங்கம் 269-க்கு 270 என்று ஒரு ஓட்டில் விழுந்தது நம்மில் பலருக்கு நன்றாக நினைவிருக்கும். அதே மாதிரி.

தாட்சருக்கு வருவோம். 1990-ல் அவருக்கு வந்த கஷ்டம் தலைவரி. வீட்டின் மதிப்பைப் பார்த்து வரி போட்டதை மாற்றி, ஆளுக்கு இவ்வளவு என்று வைத்தார். அரண்மனையில் இருப்பவருக்கும் அதே வரி, அதைக் கூட்டிப் பெருக்குபவருக்கும் அதே வரி. ஸ்காட்லாந்தில் 1989-லும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 ஏப்ரலிலும் அமலுக்கு வந்தது. மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் பெரிய கலவரம். வட்டி விகிதம் ஒரு வருடமாக 15 சதவீதத்தில் நின்றது. பிரிட்டனில் அப்போது வீட்டுக் கடன் வட்டி பெரும்பாலும் சட்டென்று மாறும் ரகம் என்பதால் நடுத்தரக் குடும்பங்கள் தத்தளித்தன. அக்டோபரில் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில், பாதுகாப்பான தொகுதி என்று நினைத்திருந்ததைக் கட்சி இழந்தது. பின்வரிசை எம்.பி.க்கள் ஒவ்வொருவரும் தன் தொகுதிக் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள்.

அந்த நேரத்தில் துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா செய்தார். 1979-லிருந்து தாட்சரோடு கடைசிவரை அமைச்சரவையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். சத்தம் போட்டுப் பேசவே தெரியாத மனிதர். நவம்பர் 13 அன்று பாராளுமன்றத்தில் எழுந்து அமைதியாக ஒரு கிரிக்கெட் உதாரணம் சொன்னார். ஐரோப்பாவோடு பேச்சுவார்த்தைக்குப் போகிற அமைச்சர்களின் நிலைமை, தொடக்க ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கி முதல் பந்தைச் சந்திக்கும்போது, மட்டையைத் தங்கள் கேப்டனே ஆட்டத்துக்கு முன்னால் உடைத்து வைத்திருப்பதைக் கண்டுபிடிப்பது மாதிரி என்றார். அவ்வளவுதான். மறுநாளே மைக்கேல் ஹெசல்டைன் தலைமைக்குப் போட்டியிடுகிறேன் என்றார்.

அப்போதைய விதிப்படி ஓட்டுப் போடுவது கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் மட்டும், மொத்தம் 372 பேர். முதல் சுற்றில் ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாங்கினால் போதாது, அடுத்தவரைவிட 15 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். 372-ல் 15 சதவீதம் 55.8, அதாவது 56 ஓட்டு வித்தியாசம். நவம்பர் 20 அன்று தாட்சருக்கு 204, ஹெசல்டைனுக்கு 152. வித்தியாசம் 52. நாலு ஓட்டு குறைந்துவிட்டது. ஹெசல்டைன் பக்கம் போன இரண்டே பேர் தாட்சர் பக்கம் வந்திருந்தால் அவர் அன்று தப்பித்திருப்பார்.

அன்று தாட்சர் பாரிஸில் ஒரு மாநாட்டில் இருந்தார். வாசலுக்கு வந்து, இரண்டாவது சுற்றிலும் நிற்பேன் என்றார். லண்டன் திரும்பியதும் அமைச்சர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். பெரும்பாலோர் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். நவம்பர் 22 காலை விலகுவதாக அறிவித்தார். அதே மாதம் 7-ம் தேதி இங்கே டெல்லியில் வி.பி. சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றிருந்தார். அவரைக் கவிழ்த்தது வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த கட்சி விலகியதும், சொந்தக் கட்சி உடைந்ததும். தாட்சர் விஷயத்தில் கட்சி உடையவே இல்லை. தலைவரை மட்டும் மாற்றிக்கொண்டது. புதுத் தலைவர் ஜான் மேஜர் 1992 தேர்தலில் ஜெயித்தும் காட்டினார்.

விதி மாறியது

இதுவரை சொன்ன கன்சர்வேடிவ் கதைகளில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கடனைத் திருப்பிக் கேட்டவர்களும் எம்.பி.க்கள்தான், அடுத்தவருக்குக் கொடுத்தவர்களும் எம்.பி.க்கள்தான். அதனால் ஒருவர் போனால் அடுத்து வருபவருக்கு மறுநாளே பெரும்பான்மை இருந்தது. 1990-ல் தாட்சர் விலகுவதாகச் சொன்னது 22-ம் தேதி, மேஜர் பதவியேற்றது 28-ம் தேதி. ஆறே நாள்.

1998-ல் கன்சர்வேடிவ் கட்சி இந்த விதியை மாற்றியது. 15 சதவீத எம்.பி.க்கள் 1922 கமிட்டித் தலைவருக்குக் கடிதம் எழுதினால் நம்பிக்கை வாக்கெடுப்பு என்று அப்போது வைத்தார்கள். எத்தனை கடிதம் சேர்ந்திருக்கிறது என்று அந்தத் தலைவர் ஒருவருக்குத்தான் தெரியும். தலைவர் தோற்றால், எம்.பி.க்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அந்த இருவரில் ஒருவரை நாடு முழுவதும் இருக்கும் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். கேட்க நல்ல ஜனநாயகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் பேங்க்கில் வேலை பார்ப்பவனுக்கு இதில் ஒரு கோளாறு சட்டென்று தெரியும். கடனை சாங்ஷன் செய்வது ஒரு ஆபீஸ், தினம் அதைக் கண்காணித்து வசூலிக்க வேண்டியது இன்னொரு ஆபீஸ் என்று வைத்தால் என்ன ஆகும்? கொடுத்தவர் வாடிக்கையாளரின் பேச்சைக் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பிராஞ்சில் இருப்பவன் நம்பிக்கையில்லாமலே அந்தக் கணக்கைச் சுமப்பான். முதல் சிக்கலில் கடனைத் திருப்பிக் கேட்பான்.

நடந்ததும் அதுதான். 2001-ல் எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் முதலில் வந்தவர் கென் கிளார்க். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தது இயன் டங்கன் ஸ்மித்தை. 2003-ல் எம்.பி.க்களே அவரை 90-க்கு 75 என்று கீழே இறக்கினார்கள். பொதுத்தேர்தலைச் சந்திக்காமலே போனார். லேபர் கட்சியிலும் இதே கதை. 2016 ஜூனில் லேபர் எம்.பி.க்கள் 172-க்கு 40 என்று ஜெரமி கோர்பின் மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள். மூன்று மாதத்தில் கட்சி உறுப்பினர்களும் ஆதரவாளர்களும் 61.8 சதவீத ஓட்டோடு அவரையே மறுபடி உட்கார வைத்தார்கள். இவர்கள் எல்லாம் எதிர்க்கட்சித் தலைவர்கள் என்பதால் நாட்டுக்கு நேரடியாக நஷ்டம் இல்லை. பிரதமர் பதவியிலேயே இது நடந்தபோதுதான் விலை தெரிந்தது.

பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இந்தக் கடிதக் கணக்கு சூடு பிடித்தது. 2018 டிசம்பர் 12 அன்று தெரசா மே 200-க்கு 117 என்று நம்பிக்கை ஓட்டில் ஜெயித்தார். விதிப்படி ஒரு வருடம் அவரை யாரும் தொட முடியாது. ஐந்து மாதத்தில் விலகுவதாக அறிவித்தார். போரிஸ் ஜான்சன் 2019 டிசம்பரில் 80 இடம் பெரும்பான்மையோடு ஜெயித்தவர். கொரோனா கட்டுப்பாட்டுக் காலத்தில் பிரதமர் அலுவலகத்தில் நடந்த பார்ட்டிகள் அவரை உலுக்கின. 2022 ஜூன் 6 அன்று 211-க்கு 148 என்று ஜெயித்தார், அவருக்கும் ஒரு வருடப் பாதுகாப்பு. ஒரு மாதம்தான். ஜூலை 5 அன்று நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவிதும் விலகினார்கள். அடுத்தடுத்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் பதவிகளைத் தூக்கியெறிந்தார்கள். 7-ம் தேதி ஜான்சன் விலகுவதாக அறிவித்தார். விதிப் புத்தகம் பாதுகாப்புக் கொடுக்கலாம், நம்பிக்கையைக் கொடுக்க முடியாது.

49 நாட்கள்

அடுத்து யார்? எம்.பி.க்களின் கடைசிச் சுற்றில் சுனக்குக்கு 137, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. உறுப்பினர்கள் ஓட்டில் டிரஸ்ஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399. ஆறேமுக்கால் கோடி ஜனத்தொகை உள்ள நாட்டுக்குப் பிரதமரை முடிவு செய்தது எண்பத்தோராயிரம் ஓட்டு. வரியைக் குறைத்தால் வட்டி ஏறும், கணக்கு உதைக்கும் என்று சுனக் அந்தப் பிரச்சாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். உறுப்பினர்களுக்கு அது பிடிக்கவில்லை.

செப்டம்பர் 6 அன்று டிரஸ் பிரதமர். செப்டம்பர் 23 அன்று நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் 4,500 கோடி பவுண்ட் அளவுக்கு வரிச்சலுகைகளை அறிவித்தார். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லவில்லை. பட்ஜெட் கணக்கைச் சரிபார்க்க அங்கே ஒரு சுயேச்சையான அலுவலகம் இருக்கிறது. அதன் மதிப்பீடும் இணைக்கப்படவில்லை. ஆடிட் ரிப்போர்ட் இல்லாத பேலன்ஸ் ஷீட்டைக் கொண்டுவந்து கடன் கேட்டால் நாம் என்ன செய்வோம்? சந்தையும் அதைத்தான் செய்தது. திங்கட்கிழமை பவுண்ட் சுமார் 1.03 டாலர் வரை இறங்கியது, அதுவரை இல்லாத சரிவு. முப்பது வருட அரசுப் பத்திரத்தின் வட்டி சில நாட்களில் 5 சதவீதத்தைத் தாண்டியது.

இதில் பென்ஷன் நிதிகள் எப்படி மாட்டின என்பதை நகைக் கடனை வைத்துச் சொன்னால் புரியும். நகையை வைத்துக் கடன் வாங்கியிருக்கிறீர்கள். தங்கத்தின் விலை சட்டென்று விழுகிறது. ஈடு போதவில்லை, இன்னும் கொண்டுவாருங்கள் என்று பேங்க் கேட்கிறது. பணத்துக்காக வீட்டிலிருக்கும் மிச்ச நகையை விற்கிறீர்கள். ஊரில் எல்லோரும் ஒரே நாளில் அப்படி விற்றால்? விலை இன்னும் விழும், பேங்க் இன்னும் கேட்கும். பிரிட்டிஷ் பென்ஷன் நிதிகள் நகைக்குப் பதிலாக நீண்டகால அரசுப் பத்திரங்களை வைத்து இந்த வேலையைச் செய்திருந்தன. வட்டி ஏறினால் பத்திர விலை விழும் இல்லையா, அந்தச் சுழலில் சிக்கிக்கொண்டன. செப்டம்பர் 28 அன்று பேங்க் ஆஃப் இங்கிலாந்து குறுக்கே வந்தது. 6,500 கோடி பவுண்ட் வரை பத்திரம் வாங்கத் தயார் என்றது. கடைசியில் வாங்கியது 1,930 கோடிதான். வாங்குவதற்கு ஒருவர் நிற்கிறார் என்ற தைரியமே பாதி வேலையைச் செய்தது.

அக்டோபர் 14 அன்று குவார்ட்டெங் நீக்கப்பட்டார். 17-ம் தேதி புது நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் ஏறக்குறைய எல்லாச் சலுகைகளையும் ரத்து செய்தார். 19-ம் தேதி இரவு பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சிக்குள்ளேயே ஒரே குழப்பம். கார்ல்ட்டன் கிளப் கூட்டம் நடந்து சரியாக நூறு வருடம் ஆன நாள் அது. மறுநாள் 1922 கமிட்டித் தலைவர் கிரஹாம் பிரேடி டிரஸ்ஸைப் பார்த்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்த ராஜினாமா. இரண்டு கடன்காரர்களும் ஒரே வாரத்தில் வாசலில் நின்றால் யாரால் தாங்க முடியும்?

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அவசரத்துக்குப் புது விதி போட்டார்கள். 100 எம்.பி.க்கள் ஆதரவு இருந்தால்தான் போட்டியிடலாம். கடைசியில் சுனக் மட்டும் மிஞ்சினார், உறுப்பினர் ஓட்டெடுப்பே நடக்கவில்லை. ஐந்தே நாளில் அவர் பிரதமர். 2016-ல் தெரசா மே வந்ததும், போட்டியிட்டவர் விலகியதால் உறுப்பினர் ஓட்டு இல்லாமல்தான். அதாவது வீடு பற்றி எரியும்போது அவர்களே பழைய முறைக்குத்தான் ஓடினார்கள்.

என் மைத்துனர் லண்டனுக்கு வெளியே வீடு வாங்கியிருக்கிறார். இரண்டு வருட நிலையான வட்டி முடிந்து புதுப்பிக்க வேண்டிய நேரம், அவருடைய கெட்ட காலம், அந்த அக்டோபரில் வந்தது. இரண்டு வருட வீட்டுக் கடனுக்கு அங்கே சராசரி வட்டி 6 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. போனில் என்னிடம் சொன்னார்: "மாப்ள, நான் ஓட்டே போடாத ஒரு பிரதமருக்காக இன்னும் ரெண்டு வருஷம் மாசாமாசம் பணம் கட்டப் போறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்டார்மரும் அதே நாற்காலியும்

2024 ஜூலை 4 தேர்தலில் கியர் ஸ்டார்மரின் லேபர் கட்சி 411 இடங்களில் ஜெயித்தது. ஆனால் வாங்கிய ஓட்டு 33.7 சதவீதம்தான். கடன் தொகை பெரிசு, ஈடு கம்மி. நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத ஓட்டு வாங்கி 5 இடம் பிடித்தது. 2025 மே 1 அன்று ரன்கார்ன் இடைத்தேர்தலில் லேபரின் தொகுதியை அதே கட்சி 6 ஓட்டு வித்தியாசத்தில் பறித்தது. 1990-ல் ஈஸ்ட்போர்ன் செய்த வேலையைப் போலத்தான், பின்வரிசைக்காரர்கள் தங்கள் தொகுதிக் கணக்கைப் போட ஆரம்பித்தார்கள்.

மாற்றுத் திறனாளிகளுக்கான உதவித்தொகையில் வருடத்துக்குச் சுமார் 500 கோடி பவுண்ட் மிச்சம் பிடிக்க ஸ்டார்மர் அரசாங்கம் மசோதா கொண்டுவந்தது. நூறுக்கும் மேற்பட்ட லேபர் எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். விட்டுக்கொடுத்து, மேலும் விட்டுக்கொடுத்து, ஜூலை 1 அன்று மசோதா இரண்டாம் வாசிப்பைத் தாண்டியபோது மிச்சமாகும் பணம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. அப்படியும் 49 லேபர் எம்.பி.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். மறுநாள் சபையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். இவர் தொடர்வாரா என்ற கேள்விக்கு ஸ்டார்மர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. அடுத்த சில மணி நேரத்தில் அரசுப் பத்திர வட்டி ஏறியது. ரீவ்ஸ் தொடர்வார் என்று பிரதமர் தெளிவாகச் சொன்னபிறகுதான் இறங்கியது.

எனக்கு உடனே 1931 ஞாபகம் வந்தது. அதே கட்சி, அதே உதவித்தொகைச் சண்டை. ஒரு கடன்காரர் வெட்டாதே என்கிறார், இன்னொருவர் வெட்டு என்கிறார். மெக்டொனால்ட் சந்தையின் பேச்சைக் கேட்டுக் கட்சியை இழந்தார். ஸ்டார்மர் கட்சியின் பேச்சைக் கேட்டார், சந்தை மறுநாளே முறைத்தது. கதையை 2025 ஜூலையோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு மேல் வரலாறு இல்லை, செய்தி.

மகளுக்குச் சொல்ல வேண்டிய பதில்

நம் நாட்டில் இப்படி நடக்க வாய்ப்பில்லையே ஏன் என்று கேட்கலாம். முக்கியமான ஒரு காரணம் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம். கொறடா உத்தரவை மீறினால் இங்கே எம்.பி. பதவியே போய்விடும். அங்கே அப்படி இல்லை. 2019 செப்டம்பரில் எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 பேரை ஜான்சன் பாராளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கினார். அதில் சர்ச்சிலின் பேரனும் இருந்தார். ஆனால் யாருக்கும் எம்.பி. பதவி போகவில்லை. நாம் விலைக்கு வாங்கப்படும் எம்.பி.க்களுக்குப் பயந்து சட்டம் போட்டோம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் கூடவே, மனசாட்சிப்படி எழுந்து நிற்கும் ஒரு ஜெஃப்ரி ஹவ்வுக்கும் கதவைச் சாத்திவிட்டோம்.

ஆறு வருடத்தில் ஐந்து பிரதமர்களைப் பார்த்த பிரிட்டனை உலகமே கேலி செய்தது. நானும் செய்தேன். இவ்வளவும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது வேறு. தப்புச் செய்யும் பிரதமரைக் கட்சியே கீழே இறக்க முடிகிறது என்பது கோளாறு இல்லை, அது பாதுகாப்பு. கோளாறு, கடனைக் கொடுக்கும் கையையும் திருப்பிக் கேட்கும் கையையும் பிரித்து வைத்ததில் இருக்கிறது. அந்த இடைவெளிக்கான வட்டியைத்தான் என் மைத்துனர் கட்டினார்.

போன ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். இப்போது பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்று கேட்டாள். "சரிப்பா, நம்ம ஊர்ல யாரு திருப்பிக் கேக்கறது?"

"நாமதான்டா. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை."

"அப்ப நடுவுல?"

அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.